குரல்பதிவுக்கு எந்த மைக்? – கேள்வி பதில்

வீட்டிலிருந்தபடியே பாடம் நடத்துபவர்கள், கதை வாசிப்பவர்கள், காணொளி எடுப்பவர்கள் ஆகியோர் அனுப்பிய கேள்விகளுக்கான பதில்கள் இவை. ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்த இடங்களில் அவற்றை ஒரே கேள்வியாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, நுண்ணிய ஒலியையும் பிடிக்கும் கண்டன்சர் மைக் வாங்கினேன். மின்விசிறி, தெருவில் போகும் வண்டி, பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் வரை அனைத்தும் பதிவாகின்றன. உணர்திறன் குறைந்த டைனமிக் மைக் வாங்கினால் இந்தத் தொல்லை தீருமா?

பதில்: புதிதாக வாங்குவதற்கு முன், இப்போதுள்ள மைக் உங்கள் வாயிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று அளந்து பாருங்கள். காட்சியில் தெரியக் கூடாது என்பதற்காக அதை மேசையின் ஓரத்தில், 60 சென்டிமீட்டர் தள்ளி வைத்திருப்பவர்கள் ஏராளம். தொலைவு பாதியாகும் ஒவ்வொரு முறையும் குரலின் அளவு சுமார் 6 டெசிபல் உயரும். ஆகவே 60 சென்டிமீட்டரை 15 ஆகக் குறைத்தால் குரல் ஏறத்தாழ 12 டெசிபல் கூடும். கூரையில் சுழலும் விசிறியின் ஓசையோ இருந்த அளவிலேயே இருக்கும். அதன்பின் மைக்கின் ஒலியைப் பெருக்கும் அளவான கெயினைக் குறைத்தால் குரல் பழைய அளவுக்கு வர, விசிறியோசை பின்னுக்குப் போய்விடும்.

டைனமிக் மைக் வெளிச்சத்தத்தை வாங்காது என்ற பெயர் பெரும்பாலும் அதை வாயருகே வைத்துப் பேசும் வழக்கத்தால் வந்தது. முன்பக்கத்து ஒலியை அதிகம் வாங்கும் கார்டியாய்டு வகையைச் சேர்ந்த ஒரு டைனமிக்கையும் ஒரு கண்டன்சரையும் ஒரே தொலைவில் வைத்து, குரல் ஒரே அளவில் பதியுமாறு கெயினைச் சரிசெய்து ஒப்பிட்டால், சுற்றுச் சத்தத்தில் பெரிய வேறுபாடு தெரியாது.

கார்டியாய்டு மைக் தன் முதுகுப்புறத்துச் சத்தத்தைத்தான் மிகக் குறைவாக வாங்கும். எனவே தெருப்பக்க ஜன்னலைப் பார்த்தபடி நீங்கள் உட்கார்ந்தால், உங்களை நோக்கி நிற்கும் மைக்கின் முதுகு தெருவின் பக்கம் திரும்பிவிடும். இன்னொன்றையும் சரிபாருங்கள்: ப்ளூ யெட்டி போன்ற மைக்குகளில் பேச வேண்டிய பக்கம் நிறுவனச் சின்னம் இருக்கும் முன்பக்கமே. அதன் உச்சியை வாயை நோக்கிச் சாய்த்து வைத்துப் பேசும் காணொளிகளை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

கேள்வி: பெரிய பாட்காஸ்ட்களில் காணப்படும் ஷூர் எஸ்எம்7பி மைக்கை வாங்கினேன். கெயினை முழுவதும் ஏற்றியும் குரல் மெலிதாகவே இருக்கிறது. கூடவே 'உஸ்' என்ற இரைச்சலும் வருகிறது. மைக் பழுதா?

பதில்: பழுதாக இருக்க வாய்ப்பில்லை. அந்த மைக்கின் மின்வெளியீடு மிகவும் குறைவு என்பதால், பேச்சுக்குரலுக்கு ஏறத்தாழ 60 டெசிபல் கெயின் தேவைப்படும். மைக்கைக் கணினியுடன் இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டிகளில் விலை குறைந்தவை பல அந்த அளவை எட்டுவதில்லை; எட்டுபவற்றிலும் கடைசித் திருகலில் சொந்த இரைச்சல் மேலெழும். மைக்குக்கும் இன்டர்ஃபேஸுக்கும் இடையே கிளவுட்லிஃப்டர் போன்ற பூஸ்டர் ஒன்றை இணைத்தால் சரியாகும். அதற்கு, இன்டர்ஃபேஸ் மைக் கம்பி வழியே அனுப்பும் 48 வோல்ட் மின்சாரமான ஃபேன்டம் பவரைப் போட வேண்டும். 2023-இல் வந்த எஸ்எம்7டிபி மாடலில் இந்தப் பெருக்கி உள்ளேயே அமைந்துள்ளது. இன்னும் வாங்காதவர்களுக்கு ஒன்று சொல்வேன்: 1966 முதல் மேடைகளில் புழங்கிவரும் எஸ்எம்58, இதைவிடப் பன்மடங்கு மலிவு, வாயருகே வைத்துப் பேசினால் பேச்சுக்கு அதுவே தாராளமாகப் போதும்.

கேள்வி: நான் கணித ஆசிரியை. பலகையில் எழுதியபடி கைப்பேசியில் பாடம் எடுக்கிறேன். எதை வாங்கலாம்?

பதில்: காலர் மைக் வாங்குங்கள். பலகையை நோக்கித் திரும்பும்போதும் அது உங்களுடனேயே திரும்பும் என்பதால் குரல் ஏறி இறங்காது. மோவாய்க்கு ஒரு சாண் கீழே, நெஞ்சின் நடுவில் பொருத்துங்கள். சேலை உடுத்துபவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும்: கழுத்துச் சங்கிலி மைக்கில் உரசினால் அந்தக் கிணுகிணுப்பைப் பின்னர் நீக்கவே முடியாது, பட்டும் கஞ்சி போட்ட துணியும் கையை உயர்த்தி எழுதும்போதெல்லாம் சரசரக்கும். மெல்லிய பருத்தியே நல்லது. கம்பியை உடைக்குள் ஒரு சிறு வளையமாக விட்டு ஒட்டிவிட்டால், இழுபடும் ஓசை மைக்கை எட்டாது.

கேள்வி: அதே காலர் மைக்கைக் கேமராவில் செருகினால் ஒன்றுமே பதிவாகவில்லையே?

பதில்: செருகியின் முனையைப் பாருங்கள். மூன்று கறுப்பு வளையங்கள் இருந்தால் அது கைப்பேசிக்குரியது. கேமராக்கள் பெரும்பாலும் இரண்டு வளையச் செருகியையே ஏற்கும். சிறிய மாற்றுக்கம்பி போதும். போயா பிஒய்-எம்1 போன்றவற்றில் கைப்பேசி, கேமரா என மாற்றும் பொத்தான் உண்டு. கேமரா நிலையில் உள்ளே இருக்கும் சிறு பேட்டரி தீர்ந்திருந்தாலும் ஒலி வராது.

கேள்வி: ஒலிநூலுக்காகக் கதை வாசிக்கிறேன். அறை அமைதியானதுதான்; ஆனாலும் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது.

பதில்: டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் செய்யும் வேலை அது. வாயிலிருந்து கிளம்பும் ஒலி சுவர்களில் பட்டு, சற்றே தாமதித்து மைக்கை அடைகிறது. இதற்கு எவ்வளவு விலையுயர்ந்த மைக்கும் மருந்தாகாது. முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டுவது வீண்வேலை. அவற்றால் ஒலியைப் போதிய அளவு உறிஞ்ச இயலாது. தடித்த போர்வை அல்லது பஞ்சு மெத்தையை உங்கள் முதுகுக்குப் பின்னால் தொங்கவிடுங்கள்; மைக்கின் முகம் பார்ப்பது அந்தச் சுவரைத்தான். தரையில் ஜமுக்காளம் விரியுங்கள். துணிகள் நிறைந்த அலமாரியைத் திறந்துவைத்து அதன் அருகே வாசிப்பதும் நல்ல பலன் தரும்.

உங்கள் பணிக்குக் கண்டன்சர் ஏற்றது. அதை நேரே வைக்காமல், வாயின் ஓரமாகச் சற்று விலக்கி, முன்னே வாய்க்காற்றின் மோதலைத் தடுக்கும் பாப் ஃபில்டர் பொருத்தி, "பப்பாளிப் பழம் பழுத்துப் போயிற்று" என்று சொல்லிப் பாருங்கள். 'ப' வரும் இடங்களில் 'தப்' என்ற மோதல் கேட்காத நிலைதான் சரியான நிலை. ஆடிபிள் தளத்துக்கு ஒலிநூல் வழங்கும் ஏசிஎக்ஸ், சராசரி அளவு −23 முதல் −18 டெசிபலுக்குள்ளும், உச்சம் −3-ஐத் தாண்டாமலும், பேசாத இடத்து இரைச்சல் −60-க்குக் கீழும் இருக்கக் கேட்கிறது. கடைசி நிபந்தனைக்காக வாசிக்கும் நேரத்தில் விசிறியை நிறுத்தத்தான் வேண்டும்.

கேள்வி: யுஎஸ்பி மைக்கா, எக்ஸ்எல்ஆர் மைக்கா?

பதில்: யுஎஸ்பி மைக் நேரே கணினியில் செருகுவது; எக்ஸ்எல்ஆர் மைக்குக்கு நடுவே இன்டர்ஃபேஸ் வேண்டும். ஒருவர் மட்டும் பேசினால் யுஎஸ்பி. இருவர் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதானால் எக்ஸ்எல்ஆர் மைக் இரண்டும், இரு உள்ளீடு கொண்ட இன்டர்ஃபேஸும். காணொளிக்கு எதுவானாலும், பதிவு அமைப்பில் சாம்பிள் ரேட்டை 48 கிலோஹெர்ட்ஸில் வைத்துப் பதியுங்கள்.

கேள்வி: கடற்கரையில் வயர்லெஸ் மைக்கில் எடுத்த பேட்டியில் 'படபட' என்ற ஓசை. மென்பொருளில் நீக்கலாமா?

பதில்: பலத்த காற்று மைக்கின் சவ்வையே உலுக்கியிருந்தால், அந்த நொடிகளில் குரல் சிதைந்திருக்கும்; மென்பொருள் அதை ஓரளவே மீட்கும். பஞ்சு உறை வீட்டுக்குள் போதும், கடற்காற்றுக்கு முடியடர்ந்த உறைதான் வேண்டும். பேசுபவர் காற்றுக்கு முதுகு காட்டி நிற்கட்டும். இவ்வகைக் கருவிகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குவதால், அனுப்பும் கருவிக்கும் பெறும் கருவிக்கும் நடுவே மனித உடல் மறைத்தாலே ஒலி விட்டுவிட்டு வரலாம். வாங்கும்போது, அனுப்பும் கருவிக்குள்ளேயே பதிவு செய்துகொள்ளும் வசதி உள்ள மாடலாகக் கேட்டு வாங்குங்கள். இணைப்பு அறுந்த இடங்களை அந்தப் பதிவிலிருந்து எடுத்து ஒட்டிக்கொள்ளலாம்.