ஒரே ஒரு முதுகுப்பையோடு எளிமையாக வாழவும் பயணம் போகவும் என்னென்ன பொருட்கள் போதும்?

எனக்கு மட்டக்களப்பு, கல்லடி. வேலை பொத்துவில் பக்கம். திங்கள் விடியப் பஸ் ஏறினால் வெள்ளி பின்னேரம்தான் வீடு. நடுவே 100 கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஐந்து வருடமாக ஒரே பைதான். அதனால் கேள்விக்கு முதலில் நேரான பதில்: போதும், தாராளமாகப் போதும். எது போதும் என்பதை எனக்குக் காட்டித் தந்தது கதிர்காமம் முருகன் கோயிலுக்கு நடந்து போகும் பாதயாத்திரை.

முதல் தடவை நான் கட்டிய பை 13 கிலோ. வீட்டில் நெல் நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தேன். ஐந்து சேட், இரண்டு ஜீன்ஸ், தடித்த போர்வை, பெரிய ஷாம்பு போத்தல், இரண்டு ரோச் லைட், நூடுல்ஸ் பைக்கற்றுகள். கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்று தாண்டித் திருக்கோவில் போய்ச் சேரும்போது பைப்பட்டி உரசி இரண்டு தோளும் தோல் உரிந்துவிட்டது. உகந்தை முருகன் கோயில் வரைக்கும் அப்படியே இழுத்துக்கொண்டு போனேன். உகந்தைக்கு அப்பால் நாலைந்து நாள் காட்டுவழி. கடை இல்லை, வாகனமும் இல்லை.

எங்கள் கூட்டத்தில் அறுபது வயது தாண்டிய ஒரு பெரியம்மா இருந்தார். பல வருடம் நடந்தவர். அவருடைய சாமான் எல்லாம் ஒரு துணிப் பொட்டணி. கோயில் வாசல் மணலில் நான் பையை இறக்கி வைத்ததைப் பார்த்துவிட்டு, "என்ன மனே, ஊட்டையே தூக்கித்து வந்திரிக்காய்?" என்றார். சாரத்தை (லுங்கியை) விரிக்கச் சொல்லி, பையை அதில் கொட்டச் சொன்னார். பிறகு ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து ஒரே கேள்விதான் கேட்டார்: "இது இல்லாட்டி நாளைக்கு உனக்கு நடக்க ஏலாதா?"

போர்வைக்கு என்னிடம் பதில் இல்லை. ஜீன்ஸுக்கும் இல்லை. சும்மா ஒரு யோசனையில்தான் அவற்றை எடுத்திருந்தேன். உகந்தை வரை வான் வண்டியில் வந்திருந்த மச்சானிடம் பாதிக்கு மேல் கொடுத்து அனுப்பினேன். மிஞ்சியது இரண்டு சாரம், இரண்டு சேட், ஒரு துவாய், ஒரு ரோச் லைட், குடிக்க ஒரு பேணி, விரித்துப் படுக்க ஒரு துண்டுப் படங்கு, ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சர்க்கரைத் தூள்), கொஞ்ச உப்பு, என் பங்கு அரிசி. அப்புறம் தண்ணீர். தண்ணீர் ஒரு லீட்டர் ஒரு கிலோ. அந்தப் பாரத்தைக் குறைக்கவே கூடாது. மற்றதைக் குறைப்பதே தண்ணீரைக் கூடச் சுமக்கத்தான். குமண சரணாலயத்தின் தெற்கு எல்லையில் கும்புக்கன் ஓயாவில் இறங்கிக் குளித்து, உடுப்பைக் கசக்கிக் கிளையில் போட்டேன். சோறு வேகிற நேரத்துக்குள் அது காய்ந்துவிட்டது. ஐந்து சேட் எதற்கு என்று அப்போதுதான் உறைத்தது.

இப்போது தினமும் சுமக்கும் பை 25 லீட்டர். வாங்கும்போது நான் பார்த்தது ஒன்றுதான்: நிறைந்த பஸ்ஸில் மடியில் வைத்தால் முன்சீற்றில் இடிக்காமல் இருக்க வேண்டும். இந்தப் பாதை பஸ்களில் தலைக்கு மேலுள்ள தட்டில் பெரிய பை நிற்காது, வளைவில் விழும். மடியில் அடங்காத பையை வாங்க வேண்டாம் என்றுதான் யாருக்கும் சொல்வேன்.

ஒரே ஒரு பொருளைத்தான் எடுக்கலாம் என்றால் நான் சாரத்தை எடுப்பேன். கிணற்றடியில் கட்டிக் குளிக்க, இரவில் உடுக்க, நுளம்புக்குப் போர்த்த, வெயிலுக்குத் தலையில் போட, ஜன்னலுக்குத் திரையாகக் கட்ட, சந்தைச் சாமானை மூட்டையாக முடிய, மடித்துத் தலையணையாக வைக்க என்று ஒரு வாரத்தில் எல்லாத்துக்கும் உதவுகிறது. நல்ல நூல் சாரமாகப் பாருங்கள், பொலியஸ்டர் கலந்தது தண்ணீரை அவ்வளவாக உறிஞ்சாது. என் தங்கச்சி பழைய நூல் சீலை ஒன்றில் பாதியை வெட்டி, ஓரம் தைத்து இதே வேலைக்கு வைத்திருக்கிறாள்.

உடுப்பு விஷயத்தில் எங்கள் ஊருக்கு இரண்டு கணக்கு. கச்சான் அடிக்கும் காலத்தில், அதாவது மே தொடங்கிச் செப்டெம்பர் வரை, உடுத்தது ஒன்று, மாற்று இரண்டு போதும். தென்மேற்குக் காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு எங்கள் பக்கம் வறண்டு இறங்குகிறது. அந்தக் காற்றில் பின்னேரம் தோய்த்த சேட் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னே காய்ந்துவிடும். மாரியில் அப்படி நடக்காது. ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை கொடியில் இரண்டு நாள் கிடந்தாலும் ஈரம் போகாது, மணமும் வந்துவிடும். அப்போது மூன்றாவது சேட் ஒன்று வேண்டும், ஜீன்ஸ் கூடவே கூடாது. தோய்த்த உடுப்பைத் துவாய்க்குள் வைத்துச் சுருட்டி, இரண்டு முனையையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். பாதி ஈரம் துவாய்க்குப் போய்விடும். மாரியில் நான் ஒவ்வொரு இரவும் இதைச் செய்கிறேன்.

பையின் மேல் போடும் மழையுறையை நம்ப வேண்டாம். முதுகுப் பக்கத்தாலும் பட்டி தைத்த இடத்தாலும் தண்ணீர் உள்ளே வரும். தடித்த பொலித்தீன் பை ஒன்றை உள்ளே விரித்து, சாமான் எல்லாவற்றையும் அதற்குள் வைத்து, வாயை முறுக்கி மடித்துவிடுங்கள். இதற்குச் செலவே இல்லை.

ஆவணங்களைப் பற்றி எனக்கு வேறு ஒரு கதை இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தபோது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. எங்கள் வீட்டில் பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, அப்பாவின் அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் எல்லாம் ஒரு றங்குப் பெட்டியில் இருந்தன. பெட்டியே போய்விட்டது. உயிர் தப்பியது பெரிய விஷயம்தான். ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு கடதாசிக்கும் அம்மா வரிசையில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். இன்றைக்கு மூலப் பத்திரங்கள் ஒரு சின்னக் கைப்பையில், அம்மாவின் அலுமாரி மேல்தட்டில், எடுத்துக்கொண்டு ஓடக்கூடிய மாதிரி இருக்கின்றன. என் பையில் அடையாள அட்டையும், மற்றவற்றின் பிரதிகளும் ஸிப் (zip) வைத்த பிளாஸ்டிக் உறையில் இருக்கின்றன. போனிலும் படம் எடுத்து வைத்திருக்கிறேன். இடம் போதவில்லை என்று எதைக் கழித்தாலும் இந்த உறையைக் கழிக்க மாட்டேன்.

மற்றவை சின்னச் சாமான்கள். சார்ஜர், பவர் பேங்க், வட்டக்கால் பிளக்குக்கும் சதுரக்கால் பிளக்குக்கும் பொருந்தும் ஒரு அடாப்டர் (பழைய வீடுகளில் இன்னும் வட்டம்தான்), பனடோல், சித்தாலேப தைலம், சவர்க்காரத் துண்டு, பல்துலக்கி, ஊசி நூல், ஒரு பேனை. ஷாம்பு, பற்பசை, பிஸ்கட் எதுவும் வீட்டிலிருந்து போகாது. அக்கரைப்பற்றிலும் பொத்துவிலிலும் சின்னப் பைக்கற்றில் எல்லாம் கிடைக்கிறது. நடந்து போய் வாங்கக்கூடியதை ஏன் தோளில் வைக்க வேண்டும்?

அடுக்கும் விதம் இதுதான். அடியில் சாரமும் உடுப்பும். பாரமானதெல்லாம், அதாவது தண்ணீர்ப் போத்தலும் பவர் பேங்கும், முதுகெலும்பை ஒட்டி நடுவில். பாரம் முதுகை விட்டு விலகினால் பை பின்னால் இழுக்கும், நீங்கள் முன்னால் குனிந்து நடக்க வேண்டி வரும், பின்னேரம் இடுப்பு வலிக்கும். பஸ்ஸில் தேவைப்படும் சில்லறை, ரோச் லைட், மருந்து மேல் பையில். முழுப் பாரம் இப்போது ஐந்தரை கிலோ, தண்ணீரோடு.

ஒரு விஷயத்தைப் பலர் யோசிப்பதில்லை. பையில் குறைவாக வைத்துக்கொண்டு, போன வீட்டில் துவாய் கேட்டு, தட்டுக் கேட்டு, போர்வை கேட்டு இருப்பதை நான் எளிமை என்று எடுப்பதில்லை, பாரம் அடுத்தவர் தோளுக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் பேணியும் ஊசி நூலும் என்னிடம் எப்போதும் இருக்கும்.

அதோடு பையில் கால்வாசியை வெறுமையாக விடுகிறேன். போகும்போது அதில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டு ஆச்சிக்குக் களுதாவளை வெற்றிலை போகும். வரும்போது அம்மாவுக்குக் கருவாடு வரும், இரண்டு பொலித்தீனில் இறுக்கிக் கட்டி. எருமைத் தயிர் வாங்கினால் மட்டும் சட்டியைப் பைக்குள் வைக்காதீர்கள். கல்லடி வரைக்கும் கையிலேயே பிடித்துக்கொண்டு வர வேண்டியதுதான்.