பாலமுரளியின் நாலு ஸ்வரம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

நாலே ஸ்வரத்தில் புது ராகங்கள் செய்த கர்நாடக இசைப் பாடகர் பாலமுரளிகிருஷ்ணாவைப் பற்றி நீங்கள் எழுதியதைத் தாத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் பழைய தலைமுறைப் பாடகர் செம்மங்குடி சீனிவாச ஐயரின் ரசிகர். "நல்ல குரல்தான். ஆனா நாலு ஸ்வரத்துல ராகம் பண்றதெல்லாம் வித்தை, சங்கீதம் இல்லை" என்று முடித்துவிட்டார். எனக்கோ 'கவிக்குயில்' படத்து ரீதிகௌளை ராகப் பாட்டு வழியாகத்தான் பாலமுரளியைத் தெரியும். தாத்தா சொல்வது சரிதானா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தாத்தாவின் கட்சியில் பெரிய ஆட்கள் இருந்திருக்கிறார்கள். வீணை வித்வான் எஸ். பாலசந்தர் இந்தப் புது ராகங்களைப் பகிரங்கமாகவே எதிர்த்தார். ராகம் என்றால் குறைந்தது ஐந்து ஸ்வரமாவது வேண்டும் என்பது பழைய இலக்கணம். ஆனால் வித்தை என்ற சொல்லை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

வித்தை காட்டுகிறவருக்கு அடிப்படை தேவையில்லை. பாலமுரளிக்கு இருந்த அடிப்படையைப் பாருங்கள். 1930இல் கோதாவரிப் பக்கம் சங்கரகுப்தத்தில் பிறந்தவர். வீணை வாசித்த அம்மா, இவர் கைக்குழந்தையாக இருக்கும்போதே இறந்துவிட்டார். அப்பா புல்லாங்குழல் வித்வான். குரு பாருபள்ளி ராமகிருஷ்ணய்ய பந்துலு, தியாகராஜரின் சிஷ்ய பரம்பரை. எட்டு வயதில் விஜயவாடாவில் முழுக் கச்சேரி. பதின்வயதிலேயே 72 மேளகர்த்தா என்கிற தாய் ராகங்களிலும் கிருதி (பாட்டு) செய்யத் தொடங்கியவர். 1952இல் அவை 'ஜனக ராக கிருதி மஞ்சரி' என்று புத்தகமாகவே வந்துவிட்டன. மேளங்கள் அத்தனையிலும் பாட்டுக் கட்டிப் பார்த்த பிறகுதான் அந்த மனிதர் ஸ்வரங்களைக் குறைக்கத் தொடங்குகிறார்.

சரி, நாலு ஸ்வரத்துக்கு வருவோம். உங்கள் போனில் கீபோர்டு ஆப் இருந்தால் திறந்து ஸ, அந்தர காந்தாரம், பஞ்சமம், கைசிகி நிஷாதம், மேல் ஸ (ஸ-வை C என்று வைத்தால் C, E, G, B♭, மேல் C) என்று வாசியுங்கள். பாலமுரளி உருவாக்கிய மகதி ராகம் அவ்வளவுதான். (மகதி என்பது நாரதர் வீணையின் பெயர். 1967இல் 'பக்த பிரஹ்லாதா' படத்தில் நாரதராகவே அவர் நடித்தார்.) வீட்டு ஆர்மோனியத்தில் நான் முயன்றிருக்கிறேன். ஐந்து நிமிஷத்தில் கை வந்த வழியிலேயே திரும்பத் திரும்பப் போனது. ஸ்வரம் தீர்ந்துவிட்டது என்றே நினைத்தேன். அப்புறம் அவர் பாடிய 'மஹநீய மதுர மூர்த்தே'யைப் போட்டேன். அதே நாலு ஸ்வரம். காந்தாரத்தில் வந்து நிற்கிறார், நிஷாதத்தை லேசாகத் தொட்டுவிட்டு விடுகிறார், ஒரே வரியை விரித்து நிரவிக்கொண்டே கீழ் ஸ்தாயிக்கு இறங்குகிறார். எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது என்பதிலேயே ராகம் உருவாகிவிடுகிறது. எனக்குப் பாடகரும், பாட்டும் மெட்டும் கட்டுகிற வாக்கேயக்காரரும் ஒரே ஆளாகத் தெரிந்தது அன்றைக்குத்தான். மூன்று ஸ்தாயியிலும் சிரமமில்லாமல் உலவுகிற குரல் இருந்ததால்தான் அவரால் இவ்வளவு கொஞ்சம் ஸ்வரங்களை நம்ப முடிந்தது.

மகதி கச்சேரி மேடையோடு நிற்கவும் இல்லை. 1975இல் எம்.எஸ். விஸ்வநாதன் 'அபூர்வ ராகங்கள்' படத்தின் 'அதிசய ராகம்' பாட்டுக்கு அதை எடுத்துக்கொண்டார், ஜேசுதாஸ் பாடினார். ராகத்தின் பெயர் தெரியாமலே தமிழ்நாடு அதை முணுமுணுத்தது. வித்தைக்கு அந்த ஆயுசு கிடையாது.

அவர் செய்த லவங்கி ராகமும் நாலு ஸ்வரம்தான், 'ஓங்காராகாரிணி' கிருதி அதில். எனக்கு மகதி அளவுக்குப் பிடிக்கும். அவருடைய இன்னொரு ராகமான ஸர்வஸ்ரீ விஷயத்தில் தாத்தா பக்கம் நான் கொஞ்சம் சாய்கிறேன். ஸ, ம, ப என்று மூன்றே ஸ்வரம். பாட்டாகக் கேட்க அழகு, ஆனால் வார்த்தையில்லாமல் ராகத்தை விரித்துப் பாடும் ஆலாபனைக்கு அதில் இடமில்லை.

சினிமாப் பாட்டுக்காரர் என்ற பேச்சும் வீட்டில் வரலாம். 'திருவிளையாடல்' படத்தில் அவர் பாடிய 'ஒரு நாள் போதுமா'வைப் போட்டுக் காட்டுங்கள். மாண்ட் ராகத்தில் தொடங்கி தோடி, தர்பார், மோகனம், கானடா என்று போகும். அந்தந்த ராகத்தின் பெயர் அந்தந்த வரியிலேயே ஒளிந்திருக்கும். தோடி வரும் இடத்தில் ஸ்வரத்தை அசைத்துப் பாடும் அந்தக் கமகத்தை மட்டும் தாத்தாவைக் கேட்கச் சொல்லுங்கள்.

பிறகு, அவர் நல்ல மனநிலையில் இருக்கும் சாயங்காலமாகப் பார்த்து, ராகம் என்ன, யார் செய்தது என்று எதுவும் சொல்லாமல் பாலமுரளி செய்த பிருந்தாவனி ராகத் தில்லானாவைப் போடுங்கள். அடுத்து மகதி. எத்தனை ஸ்வரம் என்று அவரே எண்ணத் தொடங்குகிறாரா, தொடையில் தாளம் போடுகிறாரா என்று பார்த்து எழுதுங்கள்.