சரி, பேலன்ஸ் பார்க்கலாம்! மெல்லிசை மேடை கேள்வி-பதில்

மின்வாரியத்தில் 33 வருடம் கம்பம் ஏறியவன் நான். அதே 33 வருடமும் சனி, ஞாயிறு இரவுகளில் கும்பகோணம் சுற்றுவட்டாரத் திருவிழாக்களில் கீபோர்டு வாசித்தேன். எங்கள் குழுவில் முழுநேரக் கலைஞர் என்று ஒருவர்கூடக் கிடையாது. தபலாக்காரர் ரேஷன் கடையில் எடை போடுபவர். பாடகர் கணக்கு வாத்தியார். பாட்டைப் பற்றிக் கேட்காதீர்கள், பாட்டு ஆரம்பிப்பதற்கு முன்னால் படுகிற பாட்டைக் கேளுங்கள் என்று போன இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் சில இங்கே.

அண்ணே, நாங்கள் ஆறு பேர், எல்லாரும் கல்லூரி மாணவர்கள். ஊர் மாரியம்மன் கோயிலில் முதல் கச்சேரி. மூன்றாவது பாட்டில் கரன்ட் ஒரு நொடி போய் வந்தது. கீபோர்டு திரும்ப ஆன் ஆனபோது சுருதி வேறாக இருந்தது. பாடிய பெண் அழுதுகொண்டே இறங்கிவிட்டாள். எங்கே தப்பு?
- மன்னார்குடி வாசகர்

தம்பி, அந்தப் பெண் மேல் தப்பே இல்லை என்று முதலில் அவளிடம் போய்ச் சொல்லுங்கள். டிரான்ஸ்போஸ் (விரல் வைக்கிற இடத்தை மாற்றாமலே சுருதியை ஏற்றி இறக்கும் வசதி) போட்டு வாசித்திருப்பீர்கள். கரன்ட் போனதும் கீபோர்டு அதை மறந்துவிட்டது.

1991-ல் திருவிடைமருதூர் பக்கத்து கிராமம் ஒன்றில் எனக்கும் இதே கதை. பாடுகிற எங்கள் வாத்தியாருக்குச் சுருதி நாலு கட்டை. நான் சோம்பேறி, ஒரு கட்டையில் விரலை வைத்து டிரான்ஸ்போஸை 5 ஏற்றிக்கொள்வேன். சரணத்தில் விளக்கு ஒருமுறை சிமிட்டியது, அவ்வளவுதான். நாலு கட்டைப் பாட்டு ஒரு கட்டைக்குத் தொபுக்கென்று விழுந்தது. மனிதர் தன் தொண்டைதான் போய்விட்டது என்று நினைத்துத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். அடுத்த வாரமே எல்லாக் கட்டையிலும் விரல் வைத்துப் பழக ஆரம்பித்தேன். அதற்கு ஒரு வருடம் ஆகும். அதுவரைக்கும் கம்ப்யூட்டருக்கு வைக்கும் 600 விஏ யூபிஎஸ் ஒன்று வாங்கிக் கீபோர்டு காலடியில் வையுங்கள். கீபோர்டு அடாப்டர் இழுக்கிற கரன்ட் ஒரு சின்ன பல்பு அளவுதான், தாராளமாகத் தாங்கும். ஆம்ப்ளிஃபயரை மட்டும் அதில் சொருகிவிடாதீர்கள்.

இன்னொரு விஷயம். பகல் 4 மணிக்கு மேடைக்குப் போய் மீட்டர் வைத்துப் பார்த்தால் 230 வோல்ட் காட்டும். அதை நம்ப வேண்டாம். 6.30-க்குச் சீரியல் செட், ராட்டினம், கரும்புச்சாறு மெஷின் எல்லாம் ஓட ஆரம்பித்த பிறகு திரும்பப் பாருங்கள். 180-ஐத் தொட்டால் உங்கள் சாமான்களுக்கு ஜெனரேட்டர் லைன் கேளுங்கள். கேட்கும்போதே, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை ஜெனரேட்டரிலேயே ஓட வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். டீசல் மிச்சம் பிடிக்க நினைக்கும் ஜெனரேட்டர்காரர், கரன்ட் இருக்கும்வரை கோயில் லைனில் ஓட்டிவிட்டு, போன பிறகுதான் கைப்பிடியை மாற்றுவார். அந்த மாற்றுகிற இடைவெளிதான் உங்கள் பாடகியை அழ வைத்தது. விழாக் கமிட்டி டீசல் காசுக்கு முனகும். முனகட்டும்.

சார், நான் கிதார் வாசித்துக்கொண்டே பாடுவேன். சில மேடைகளில் மைக்கில் உதடு பட்டதும் சுருக்கென்கிறது. ஸ்பாஞ்சு உறை போட்டால் போதும் என்கிறார்கள். சரியா?
- நாகர்கோவில் வாசகி

இல்லை அம்மா, இல்லவே இல்லை. இதைப் படிக்கும்போது எனக்குள் இருக்கும் பழைய மின்வாரியக்காரனுக்கு வயிறு கலங்குகிறது.

உங்கள் கிதார் கம்பி ஆம்ப்ளிஃபயரின் எர்த்தோடு சேர்ந்தது. மைக்கின் உலோக வலை மிக்சரின் எர்த்தோடு சேர்ந்தது. ஆம்ப் கோயில் போர்டிலும் மிக்சர் ஜெனரேட்டரிலும் ஓடினாலோ, யாராவது எர்த் பின்னை வெட்டிவிட்டு இரண்டு பின்னில் சொருகியிருந்தாலோ, அந்த இரண்டுக்கும் நடுவே வோல்ட் வித்தியாசம் வரும். நடுவில் நிற்பது நீங்கள். 1972-ல் பிரிட்டனின் ஸ்வான்சீ நகரில் ‘ஸ்டோன் த குரோஸ்’ குழுவின் கிதார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்துபோனார்.

செய்ய வேண்டியது இதுதான். மேடைச் சாமான், மிக்சர் எல்லாம் ஒரே இடத்திலிருந்து, ஒரே ஃபேஸில், மூன்று பின் பிளக்கோடு வர வேண்டும். பாடுவதற்கு முன்னால் மீட்டரின் ஒரு முனையைக் கிதார் கம்பியிலும் மறு முனையை மைக் வலையிலும் வைத்துப் பாருங்கள். முள் ஆடினால் பாடாதீர்கள். ‘உர்ர்’ சத்தம் போக எர்த்தை வெட்டிவிடலாம் என்று ஆடியோ செட்காரர் சொன்னால், டிஐ பாக்ஸ் (கிதாரை மிக்சரோடு இணைக்கும் சின்னப் பெட்டி) இருக்கிறதா என்று கேளுங்கள். அதில் எர்த் லிஃப்ட் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். சிக்னல் கேபிளின் எர்த்தை மட்டும் அது பிரித்துவிடும், இரைச்சல் போகும், பிளக்கின் எர்த் அப்படியே இருக்கும். ஸ்பாஞ்சு உறை எச்சில் படாமல் இருக்கத்தான்.

எங்கள் டிரம்மர் வீட்டில் கடிகாரம் மாதிரி வாசிப்பான். திருவிழா மேடையில் ஏறினால் பாட்டுக்குப் பாட்டு இழுக்கிறான். மேடை பயமா?
- திருச்சி, துறையூர் சாலை வாசகர்

பயமாகவும் இருக்கலாம். ஆனால் எனக்கென்னவோ தெருக்குழாய் மேல்தான் சந்தேகம். மேடையில் பெரிய பெட்டி இருந்தாலும் கமிட்டிக்காரர்கள் தெருக்கோடி வரைக்கும் கம்பத்துக்குக் கம்பம் குழாய் ஸ்பீக்கர் கட்டச் சொல்வார்களே, அது. ஒலி ஒரு நொடியில் ஏறக்குறைய 340 மீட்டர் போகும். 100 மீட்டர் தள்ளியிருக்கும் குழாயிலிருந்து சத்தம் மேடைக்குத் திரும்பி வர 0.3 நொடி. நிமிடத்துக்கு 120 அடி போகும் பாட்டில் ஓர் அடியே அரை நொடிதான். ஆக, உங்கள் பையன் காதில் விழுவது பாதி அடிக்கு மேல் பிந்திய பாட்டு. அதற்காகக் காத்திருந்து அடிக்கிறான், அந்த அடியும் குழாயில் பிந்தி வருகிறது, அதற்கும் காத்திருக்கிறான். ஆறாவது பாட்டில் டூயட் ஒப்பாரி மாதிரி ஆகிவிடும்.

அவனுக்குப் பக்கத்தில், காதுக்கு நேராக ஒரு மானிட்டர், அதாவது மேடையில் இருப்பவர்கள் கேட்பதற்கான ஸ்பீக்கர், வேண்டும். அதில் கீபோர்டும் பேஸ் கிதாரும் மட்டும் வரட்டும், பாட்டு கொஞ்சமாக. முடிந்தால் காதில் செருகும் சாதாரண இயர்போனையே மிக்சரின் ஹெட்போன் துளையில் நீட்டிக் கொடுங்கள். மேடையைப் பார்த்துத் திரும்பியிருக்கும் குழாய்களைத் திருப்பிக் கட்டச் சொல்லுங்கள். கம்பத்தில் ஏறப் பையன் கேட்கிற ஐம்பது ரூபாயைக் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம் எக்கோ. புதுப் பாடகர்கள் எல்லாரும் ஆடியோ செட்காரரிடம் ‘அண்ணே, கொஞ்சம் எக்கோ ஏத்துங்க’ என்பார்கள். பாத்ரூமில் பாடிய சுகம் அது. திறந்தவெளியில், அதுவும் தெருக்குழாய் ஏற்கெனவே எதிரொலித்துக்கொண்டிருக்கும்போது, அதையும் ஏற்றினால் வரிகள் புரியாது. எங்கள் வாத்தியாருக்கு எக்கோ ஏற்றியதாகக் கையால் ஜாடை காட்டுவோம், ஏற்ற மாட்டோம். கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியாது.

மைக் ஊளையிட்டுக்கொண்டே இருக்கிறது. நல்ல மைக் வாங்கினால் நிற்குமா?
- ஈரோடு வாசகர்

நிற்காது. மைக்கைப் பிடிக்கிற கை மாறினால் நிற்கும். பாடகர்களுக்கான மைக்குகள் பெரும்பாலும் முன்னால் கேட்கும், பின்பக்கம் கேட்காது. அதனால்தான் மானிட்டர் பெட்டியைப் பாடுபவருக்கு முன்னால், மைக்கின் முதுகு பார்க்கிற மாதிரி வைக்கிறோம். ஸ்டைலுக்காக வலையைக் கையால் பொத்திப் பிடித்தால் முதுகுப் பக்கம் அடைபட்டு, அது நாலா பக்கமும் கேட்க ஆரம்பிக்கும், ஊளை வரும். கார்ட்லெஸ் மைக்கோடு ஸ்பீக்கருக்கு முன்னால் நடந்து போகும் அறிவிப்பாளரை என்ன செய்வது என்று கேட்காதீர்கள். எங்களாலும் அது முடியவில்லை.

பனிக்காலக் கச்சேரியில் தபலா இறங்கி இறங்கிப் போகிறது. ஒவ்வொரு பாட்டுக்கும் சுத்தியலால் தட்ட வேண்டியிருக்கிறது.
- மாயவரம் வாசகர்

தோல் ஈரத்தைக் குடித்தால் தளரும். மார்கழி, தை மாதங்களில் காவிரிக் கரையில் இரவு 8 மணிக்கே பனி இறங்கிவிடும். எங்கள் ரேஷன் கடைக்காரர் ஒரு 100 வாட் குண்டு பல்பைத் தகர டப்பாவுக்குள் வைத்து, பக்கத்திலேயே எரியவிடுவார். வாசிக்காத தபலா அதன் மேல் குளிர் காய்ந்துகொண்டிருக்கும். ஒரே சுருதியில் இரண்டு தபலா வைத்துக்கொண்டு மாற்றி மாற்றி வாசிப்பது அவர் வழி. சித்திரையில் தலைகீழ், வெயிலில் சுருதி ஏறிக்கொள்ளும். கீபோர்டு இதற்கெல்லாம் அசையாது. அதனால் எல்லாரும் அதற்குத்தான் சுருதி சேர்க்க வேண்டும்.

30 பாட்டு பயிற்சி எடுத்துப் போனோம். 11 பாட்டில் போலீஸ் வந்து நிறுத்திவிட்டார்கள். கமிட்டித் தலைவர் 12 மணி வரை பாடலாம் என்று சொல்லியிருந்தார்.
- சிவகங்கை வாசகர்

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. கலை, சமய விழாக்களுக்காக மாநில அரசு வருடத்தில் 15 நாட்களுக்கு மேற்படாமல் நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம். அரசு தளர்த்தும் நாள் என்பது வேறு, கமிட்டித் தலைவர் தளர்த்தும் நாள் வேறு. ஒலிபெருக்கி அனுமதி எழுத்தில் இருக்கிறதா என்று முதல் நாளே கேட்டு, ஜெராக்ஸ் ஒன்றைக் கீபோர்டு பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள்.

கணக்கையும் பாருங்கள். நோட்டீஸில் 7.30 என்று இருக்கும், முதல் பாட்டு 8.15-க்கு. 10 வரைக்கும் 105 நிமிடம். பொன்னாடை, நன்கொடையாளர் பெயர்ப் பட்டியல், வார்டு கவுன்சிலர் வருகை இதற்கெல்லாம் அரைமணி. மிச்சம் 75. பாட்டுக்கு ஆறு நிமிடம் என்றால் 12 பாட்டு. உங்கள் 11 ஒன்றும் மோசமில்லை! முப்பதை அரைகுறையாகப் பழகுவதைவிட பதினைந்தை முழுசாகப் பழகலாம். கூட்டம் எழுந்து ஆடுகிற பாட்டைக் கடைசிக்கு என்று பொத்தி வைக்காமல் 9.40-க்கே எடுத்துவிடுங்கள்.

சினிமாப் பாட்டு பாட யாரிடமாவது உரிமம் வாங்க வேண்டுமா?
- சென்னை, அம்பத்தூர் வாசகி

1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 52-ல் விலக்குகள் இருக்கின்றன. அமெச்சூர் மன்றம், குழு போன்றவை காசு கொடுக்காத பார்வையாளர்களுக்கு வாசித்தால், அல்லது ஒரு சமய நிறுவனத்தின் நன்மைக்காக வாசித்தால் உரிமை மீறல் ஆகாது. கல்யாண ஊர்வலத்துக்கும் கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களுக்கும் விலக்கு உண்டு. டிக்கெட் போட்டு நடத்தினால் கதை வேறு, ஐபிஆர்எஸ் மாதிரி உரிமச் சங்கங்களிடம் அனுமதி வாங்க வேண்டும். அதை அரங்கத்தை எடுத்தவர் வாங்குவதாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று கவனியுங்கள், சம்பளம் பேசி வாங்கும் குழு அமெச்சூர்தானா என்று யாராவது கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

டிரம்ஸ் வாசித்துவிட்டு வந்தால் இரவெல்லாம் காதில் ‘ஙொய்’ என்கிறது. பழகிவிடுமா?
- சேலம் வாசகர்

காது பழகாது, கெட்டுத்தான் போகும். 85 டெசிபலில் 8 மணி நேரம் தாங்கலாம் என்றால், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அது பாதியாகிறது. 100-ல் கால் மணி நேரம்தான். மருந்துக்கடையில் பஞ்சு மாதிரி இயர்பிளக் கிடைக்கும், இன்றைக்கே வாங்குங்கள். நான் வாங்கவில்லை. என் மனைவி கூப்பிடுவது இடது பக்கத்திலிருந்தால் எனக்குக் கேட்காது. அவள் அதை நம்புவதில்லை.

கச்சேரி முடிந்ததும் ‘காலையில் வாங்க, செட்டில் பண்ணிடலாம்’ என்கிறார்கள். சண்டை போடவும் முடியவில்லை.
- தேனி வாசகர்

வெற்றிலை பாக்கோடு பாதிப் பணம் அட்வான்ஸ். அது வராமல் தேதியை டைரியில் எழுதாதீர்கள். மீதி, ஏழாவது பாட்டுக்கு அப்புறம் பொன்னாடை போர்த்துகிற அந்த அரைமணியில் கைக்கு வர வேண்டும். இதை அட்வான்ஸ் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள், மேடையில் சொன்னால் கௌரவப் பிரச்சினை ஆகிவிடும். கேட்கப் போகிறவர் குழுவிலேயே சாதுவானவராக இருக்கட்டும். நாங்கள் கணக்கு வாத்தியாரை அனுப்புவோம். கமிட்டியில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்களாக இருப்பார்கள், எழுந்து நின்றுதான் பேசுவார்கள்.

வேன் வாடகையும் ராத்திரிச் சாப்பாடும் தனி என்று எழுதிக்கொள்ளுங்கள். ‘சாப்பாடு நம்ம வீட்டுல’ என்று ஒருமுறை நம்பிப் போனோம். 11 மணிக்கு அந்த வீட்டில் விளக்கை அணைத்துவிட்டார்கள். ஆடுதுறை வரைக்கும் ஒரு கடையும் திறந்திருக்கவில்லை. வேனில் இருந்தது கோயிலில் கொடுத்த சுண்டல் ஒரு தொன்னை, ஒன்பது பேர்.