மார்கஸ் அரேலியஸ்: முதல் பகுதியைத் தாண்டிவிடுங்கள்

மார்கஸ் அரேலியஸின் 'தியானங்கள்' வாங்கி மூன்று முறை ஆரம்பித்தும் முதல் பகுதியிலேயே தூங்கிவிடுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். தப்பு உங்கள் மேல் இல்லை. அந்தப் பகுதி முழுக்கத் தாத்தா, அம்மா, ஆசிரியர்கள் என்று வரிசையாக நன்றி சொல்லும் பட்டியல்தான், அந்த ஆட்கள் யாரென்று தெரியாமல் படித்தால் யாருக்கும் கொட்டாவிதான் வரும். அது நமக்காக எழுதிய புத்தகமே இல்லை, ரோமப் பேரரசர் தனக்குத்தானே கிரேக்க மொழியில் எழுதி வைத்துக்கொண்ட குறிப்பு, அதிலும் கொஞ்சம் டான்யூப் நதிப் பக்கம் போர் முகாமில் இருந்தபோது எழுதியது.

நேரே ஐந்தாம் பகுதிக்குப் போங்கள். காலையில் படுக்கையை விட்டு எழ மனசில்லாமல், போர்வைக்குள் சூடாகக் கிடக்கத்தானா பிறந்தேன் என்று தன்னையே அதட்டுகிறார்! பேரரசருக்கும் அதே பாடுதான். அப்புறம் இரண்டாம் பகுதி. மொத்தம் பன்னிரண்டு, வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை.

அதுவும் ஒட்டவில்லை என்றால் ரோமத் தத்துவஞானி செனெகா தன் நண்பர் லூசிலியஸுக்கு எழுதிய கடிதங்களை எடுங்கள். 124 இருக்கின்றன, ஆரம்பக் கடிதங்கள் ரொம்பச் சின்னவை, முதல் கடிதமே நேரம் எப்படிக் கையை விட்டுப் போகிறது என்பதுதான். பேரரசர் நீரோவின் ஆசான், பெரும் பணக்காரர், எளிமையைப் பற்றி எழுதுகிறாரே என்று எரிச்சல் வரும். எனக்கும் வந்தது, ஆனாலும் கீழே வைக்க முடியவில்லை.