நம்மவர்கள் ஆட்சிக்கு வந்தபின் சங்கம் என்ன செய்யும்? – கேள்வி பதில்

திருகோணமலையில் பல வருடங்களாகச் சங்கங்களுக்கு யாப்பு, அதாவது சங்க விதிகள், எழுதிக் கொடுப்பதும் கணக்குப் பார்த்துக் கொடுப்பதும் என் வேலை. அதனால்தான் இந்தக் கேள்விகள் என் தலையில் விழுந்தன. புதிதாக ஜனநாயகத்துக்குள் வந்த நாடுகளில் சிவில் சமூகம் எனப்படும் மக்கள் அமைப்புகளுக்கும் அரசாங்கத்துக்கும் இடையிலான உறவு பற்றித்தான் கேட்கச் சொல்லியிருந்தோம். கேட்டவர்கள் பாதிப்பேர் நேரே தங்கள் ஊருக்கு வந்துவிட்டார்கள். சரி, அதுவும் நல்லதே.

உப்புவெளி, ஏ.எல். மாணவி: சேர், சிவில் சமூகம் என்றால் என்ஜிஓக்கள்தானே?

என்ஜிஓ எனப்படும் அரச சார்பற்ற நிறுவனங்களும்தான், பிள்ளை. ஆனால் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கோயில் பரிபாலன சபை, பள்ளிவாசல் நிர்வாகம், ஆசிரியர் தொழிற்சங்கம், மரணாதாரச் சங்கம் எல்லாம் இதற்குள் வரும். வெளிநாட்டுப் பணமும் வெள்ளை வாகனமும் இருந்தால்தான் சிவில் சமூகம் என்ற எண்ணம் சுனாமிக்குப் பிறகு இங்கே ஊறிப்போனது.

மூதூர், வாசகர்: அடக்குமுறை ஆட்சி போய் ஜனநாயகம் வந்தால் சங்கங்களுக்குப் பொற்காலம் என்றுதானே நினைப்போம்? பல நாடுகளில் அதற்குப் பிறகுதான் அவை படுத்துவிட்டன என்கிறார்களே?

உண்மைதான். தென்னாபிரிக்காவை எடுங்கள். 1983 இல் தொடங்கிய ஐக்கிய ஜனநாயக முன்னணியின் கீழ் நூற்றுக்கணக்கான அமைப்புகள் திரண்டிருந்தன. குடியிருப்பாளர் சங்கங்கள், தேவாலயக் குழுக்கள், மாணவர், பெண்கள் என்று எல்லோரும். நிறவெறி ஆட்சியை உள்ளிருந்து ஆட்டிவைத்தது அந்தக் கூட்டுத்தான். பின்னர் ஆளும் கட்சியான ஆபிரிக்க தேசிய காங்கிரஸின் தடை நீங்கிய அடுத்த வருடம், 1991 இல், வேலை முடிந்தது என்று அது தன்னைக் கலைத்துக்கொண்டது. எல்லா இனத்தவரும் முதன்முறை வாக்களித்த 1994 தேர்தலுக்குப் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். கூட்டம் நடத்தத் தெரிந்தவர்கள், ஆங்கிலத்தில் அறிக்கை எழுதத் தெரிந்தவர்கள் எல்லாம் பாராளுமன்றத்துக்கும் அமைச்சுகளுக்கும் மாநகர சபைகளுக்கும் போய்விட்டார்கள். தவறென்று சொல்ல முடியாது, நாட்டை நடத்த ஆள் வேண்டும். ஆனால் சங்கத்தின் கதிரை காலியாகிவிட்டது.

அடுத்து பணம். அதுவரை நிறவெறி அரசைத் தாண்டி அமைப்புகளுக்கு நேரே உதவிய வெளிநாடுகள், இப்போது நல்ல அரசாங்கம் வந்துவிட்டதே என்று பெரும்பகுதியை அரசாங்கத்தின் கையிலேயே கொடுத்தன. பல அமைப்புகள் கதவை மூடின. மிஞ்சியவற்றில் சில அரசின் ஒப்பந்தக்காரர்களாக மாறின. ஒப்பந்தம் கொடுத்தவரை எதிர்த்துக் கூட்டம் வைக்க யாருக்கு மனம் வரும்?

மூன்றாவது, கூச்சம். இதுதான் பெரிது என்பேன். நேற்று ஒரே ஜெயிலில் இருந்தவர் இன்று அமைச்சர். அவருக்கு எதிராகப் பதாகை பிடிப்பது எப்படி? எதிரி ஆட்சியில் இருக்கும்போது சங்கத்துக்கு வராத குழப்பம், நண்பன் ஆட்சிக்கு வரும்போது வருகிறது.

கிண்ணியா, மாதர் சங்க உறுப்பினர்: அரசோடு சேர்ந்தால் கையாள் என்கிறார்கள். எதிர்த்தால் அடுத்த வருடம் திட்டப் பட்டியலில் எங்கள் பெயர் இருக்காது. நடுவில் வழி இருக்கிறதா?

இருக்கிறது, சகோதரி. அதே தென்னாபிரிக்காவில் 1998 இல் எச்.ஐ.வி. நோயாளிகளுக்காகத் தொடங்கிய சிகிச்சைச் செயற்பாட்டு இயக்கத்தின் கதையைக் கேளுங்கள். மருந்து விலையைக் குறைக்க அரசாங்கம் 1997 இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. 39 மருந்துக் கம்பனிகள் அதற்கு எதிராக வழக்குப் போட்டன. இந்த இயக்கம் அரசாங்கத்தின் பக்கம் நின்று நீதிமன்றம் போனது. 2001 ஏப்ரலில் கம்பனிகள் வழக்கை விலக்கிக்கொண்டன.

நாலே மாதத்தில் அதே இயக்கம் அதே அரசாங்கத்துக்கு எதிராக வழக்குப் போட்டது. பிரச்சினை நெவிரபைன் என்ற மருந்து. பிரசவ வலி வந்ததும் தாய்க்கு ஒரு குளிசை, பிறந்த பிள்ளைக்குச் சில துளி பாணி. பல பிள்ளைகளுக்கு நோய் தொற்றாமல் இதுவே தடுக்கும். கம்பனி ஐந்து வருடம் இலவசமாகத் தருவதாகவும் சொல்லியிருந்தது. அரசாங்கமோ ஒரு மாகாணத்துக்கு இரண்டு இடம் என்று 18 பரீட்சார்த்த நிலையங்களில் மட்டும் கொடுத்தது. அதற்கு வெளியே உள்ள அரசாங்க ஆஸ்பத்திரியில் பிள்ளை பெறும் தாய்க்கு, டொக்டர் விரும்பினாலும் கொடுக்க முடியாது. 2002 ஜூலையில் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கச் சொன்னது.

இயக்கத்தின் தலைவர் சாக்கி அக்மத் ஆளும் கட்சியின் உறுப்பினர். அவருக்கும் அந்த நோய் இருந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் கிடைக்கும்வரை நானும் மருந்து எடுக்கமாட்டேன் என்று இருந்துவிட்டார். மண்டேலாவே வீட்டுக்கு வந்து மருந்தை எடுக்கும்படி கேட்டார். கட்சியைவிட்டுப் போகவுமில்லை, கட்சிக்காக வாயை மூடவுமில்லை.

உங்கள் சங்கத்துக்கு இதில் எடுக்க வேண்டியது ஒன்று: ஆளைப் பார்த்துப் பக்கம் எடுக்காதீர்கள், விஷயத்தைப் பார்த்து எடுங்கள். பிரதேச செயலகம் கிணறு கட்டித் தந்தால் எழுத்தில் நன்றி சொல்லுங்கள். அதே கிணற்றுக்குப் போட்ட சீமெந்து சரியில்லையென்றால் அதையும் எழுத்தில் கொடுங்கள். இரண்டு கடிதமும் ஒரே கோப்பில் இருக்கட்டும். அடுத்து வரும் பிரதேச செயலாளர் அந்தக் கோப்பைப் புரட்டினால், நீங்கள் யாருடைய ஆளும் இல்லை என்பது தெரியும்.

தம்பலகாமம், ஆசிரியர்: துனீசியாவில் அமைப்புகள் நாட்டையே காப்பாற்றி நோபல் பரிசு வாங்கினவே?

வாங்கின. 2011 இல் சர்வாதிகாரி வீழ்ந்த நாடு அது. 2013 இல் இரண்டு எதிர்க்கட்சித் தலைவர்கள் சுடப்பட்டு நாடு உள்நாட்டுச் சண்டையின் விளிம்பில் நின்றபோது, தொழிற்சங்கச் சம்மேளனம், முதலாளிமார் சங்கம், மனித உரிமைக் கழகம், சட்டத்தரணிகள் சங்கம் நான்கும் சேர்ந்து கட்சிகளை மேசையில் இருத்தின. 2014 இல் புதிய அரசியலமைப்பு, 2015 இல் நோபல் சமாதானப் பரிசு. தொழிலாளியும் முதலாளியும் ஒன்றாகக் கையெழுத்துப் போட்டதுதான் அதன் பலம். ஆனால் 2021 ஜூலையில் ஜனாதிபதி பாராளுமன்றத்தை இடைநிறுத்தினார். அதற்குப் பிறகு அமைப்புகளுக்கும் நெருக்கடிதான். வாங்கிய பரிசு நம்மைக் காக்கும் கேடயம் ஆகாது, மாஸ்டர்.

ஈச்சிலம்பற்று, வாசகர்: பதிவு செய்யாமல் சங்கம் நடத்தலாமா?

நாட்டுக்கு நாடு வேறு. தென்னாபிரிக்காவின் 1997 சட்டத்தில் பதிவு பெரும்பாலும் விருப்பம்தான். துனீசியாவில் 2011 இல் அனுமதி கேட்கும் முறையை எடுத்துவிட்டு, அறிவித்தால் போதும் என்றார்கள். இலங்கையில் சமூக சேவை செய்யும் தொண்டர் அமைப்புகளுக்கு 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. மோசடி என்ற குற்றச்சாட்டு வந்தால் அமைச்சர் இடைக்கால நிர்வாகத்தை நியமிக்க 1998 திருத்தம் இடம் கொடுக்கிறது. 2010 இல் என்ஜிஓக்களைப் பதிந்து கண்காணிக்கும் செயலகம் பாதுகாப்பு அமைச்சின் கீழ் போனதும் நினைவிருக்கும். என் அபிப்பிராயம்: கிராமச் சங்கம் என்றால் உரிய திணைக்களத்தில் பதிந்துவிடுங்கள். வங்கிக் கணக்கும் திறக்கலாம், கூட்டத்தில் கதிரையும் கிடைக்கும். ஆனால் பதிந்ததால் யார் வந்து கேட்டாலும் உறுப்பினர் பட்டியலைத் தூக்கிக் கொடுக்க வேண்டும் என்றில்லை. எந்தச் சட்டத்தின் கீழ் கேட்கிறீர்கள் என்று மரியாதையாக எழுத்தில் கேளுங்கள்.

குச்சவெளி, மீனவர் சங்கச் செயலாளர்: இறங்குதுறை வீதிக்குக் காசு வந்ததாம். கடிதத்துக்கு மேல் கடிதம் கொடுத்தோம், பதிலே இல்லை.

கோரிக்கைக் கடிதத்தை நிறுத்திவிட்டுத் தகவல் விண்ணப்பம் கொடுங்கள், அண்ணை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அதே அலுவலகத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு, அப்புறம் கொழும்பில் உள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. ஏன் கேட்கிறோம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. உறுப்பினர்களில் நாலில் மூன்று பங்கினர் பிரஜைகள் என்றால் சங்கத்தின் பெயரிலேயே கேட்கலாம். செயலாளர் தனியே மாட்டிக்கொள்ளத் தேவையில்லை.

கேட்கும் விதத்தில்தான் பலரும் பிழை விடுகிறார்கள். "வீதி ஏன் போடவில்லை?" என்று எழுதினால் "நிதி பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு வரி வரும். "இந்த வீதிக்கு ஒதுக்கிய தொகை, ஒப்பந்தக்காரர், இதுவரை கொடுத்த பணம், அளவீட்டுத் தாளின் பிரதி" என்று எழுதுங்கள். விண்ணப்பம் கிடைத்ததற்கான பற்றுச்சீட்டைக் கையில் வாங்காமல் படியிறங்க வேண்டாம்.

இன்னொன்று. அரசிடமோ வெளிநாட்டு அரசிடமோ சர்வதேச நிறுவனத்திடமோ கணிசமாகப் பணம் வாங்கிப் பொதுமக்களுக்குச் சேவை செய்யும் என்ஜிஓக்களிடமும், அந்தச் சேவை பற்றி இதே சட்டத்தில் கேட்கலாம். இதைச் சொன்னால் நம் நண்பர்கள் சிலருக்கு முகம் கறுக்கும்.

சம்பூர், இளைஞர்: எங்கள் அனல்மின் நிலையம் நின்றது சிவில் சமூகத்தின் வெற்றியா?

ஒரு பங்குதான், தம்பி. 500 மெகாவாட் நிலக்கரித் திட்டம் அது. 2006 இல் இடம்பெயர்ந்த உங்கள் மக்கள் முகாமில் இருந்தபடியே தங்கள் காணியைத் திருப்பிக் கேட்டார்கள். ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு வழக்குத் தொடுத்தது. 2016 செப்டெம்பரில், திட்டத்தைத் தொடரப்போவதில்லை என்று அரச தரப்பு உயர் நீதிமன்றத்தில் சொன்னது. இதற்குள் 2015 ஆட்சி மாற்றமும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. கதவு திறந்தது தேர்தலால். திறந்த நேரத்தில் கோப்போடு வாசலில் நின்றது மக்கள்.

நிலாவெளி, வாசகி: எங்கள் தலைவர் பிரதேச சபைத் தேர்தலில் நிற்கிறார். சங்கத் தலைவர் பதவியை விடச் சொன்னால் கோபிக்கிறார்.

கோபிக்கட்டும். வேட்புமனுவில் கையெழுத்து வைக்கும் நாளோடு சங்கப் பதவி போக வேண்டும், தோற்றால் ஒரு வருடம் கழித்துத் திரும்பலாம் என்று யாப்பில் எழுதுங்கள். அவர் பெயரைச் சொல்லி எழுதாமல், இனி வரும் எல்லோருக்கும் பொதுவாக எழுதுங்கள். பொதுக்கூட்டத்தில் நிறைவேற்றி, கூட்ட அறிக்கைப் புத்தகத்தில் பதிந்து, ஒரு பிரதியைக் கிராம அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் கொடுங்கள். முடிந்தால் அவரையே பிரேரிக்கச் சொல்லுங்கள். சங்கத்தின் ரப்பர் சீலை மட்டும் அன்றைக்கே கையோடு வாங்கிவிடுங்கள்.