ஏசி போட்டால் தூக்கம் வருமா?

கேள்வி: நான் பர்மாவில், மோல்மீனில் லாரி ஓட்டுகிறேன். வயது 29. தாத்தா 1945-இல் பட்டாள லாரி ஓட்டியவர். அப்பா முப்பது வருஷம் பழைய செவர்லே ஓட்டினார். எனக்கு இப்போது கிடைத்திருப்பது ஜப்பானில் ஓடிய செகண்ட் ஹேண்ட் லாரி. ஏசி, குலுக்கலைக் காற்றுப் பை தாங்கிக்கொள்ளும் காற்று சீட்டு, பின்னால் படுக்கை எல்லாம் உண்டு. "சொகுசு வந்தால் டிரைவருக்குத் தூக்கம் வரும், நாங்கள் பலகையில் உட்கார்ந்தே ஓட்டினோம்" என்று அப்பா ஆட்கள் முன்னாலேயே சொல்கிறார். முதலாளியோ, "படுக்கைதான் இருக்கிறதே, மண்டலையில் இறக்கிவிட்டு அப்படியே திரும்பிவிடு" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது, ஐயா?

பதில்: தம்பி, அப்பா மேல் கோபப்படாதீர்கள். அவர் பயம் உங்கள் உயிரைப் பற்றியது. ஆனால் பலகை சீட்டு டிரைவரை விழித்திருக்க வைத்தது என்று அவர் நினைப்பது சரியில்லை.

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் வந்த கனடா நாட்டு செவர்லே, ஃபோர்டு பட்டாள லாரிகளில் எஞ்சின் பாதி உள்ளேயே இருக்கும், டிரைவருக்கும் பக்கத்து ஆளுக்கும் நடுவில். மிதிகள் நெருக்கமாக இருக்கும். அமெரிக்க ஜிஎம்சி லாரிகளில் இரும்பை மிச்சம் பிடிக்க, பாதிச் சண்டையில் கூரையையே எடுத்துவிட்டுக் கித்தான் போட்டார்கள். டிரைவர் தூங்கக் கூடாதே என்று யாரும் அதைச் செய்யவில்லை. அஸ்ஸாமில் உள்ள லீடோவிலிருந்து பர்மா வழியாக 1945 ஜனவரி 12-இல் கிளம்பிய முதல் லாரி வரிசை, பிப்ரவரி 4-இல்தான் சீனாவின் குன்மிங் போய்ச் சேர்ந்தது. அந்த வண்டிகளை ஓட்டியவர்கள் கஷ்டத்தை விரும்பி ஏற்கவில்லை. வேறு வழியில்லை, அவ்வளவுதான்.

சண்டை முடிந்து விட்டுப்போன அந்த லாரிகளுக்கு மரக்கூடு கட்டித்தான் ரங்கூனில் எத்தனையோ வருஷம் பஸ் ஓட்டினார்கள். சின்ன வயதில் நான் அதில் முன்பக்கம் உட்கார்ந்து போயிருக்கிறேன். டிரைவர் ஈரத் துண்டை எஞ்சின் மூடிமேல் விரித்திருப்பார். கொஞ்ச நேரத்தில் மொடமொடவென்று காய்ந்துவிடும், மறுபடி நனைத்துப் போடுவார். எஞ்சின் பக்கம் இருந்த இடது கெண்டைக்கால் மட்டும் கறுத்துப் போயிருந்தது. அந்தக் கால் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. உங்கள் அப்பா காலையும் ஒரு தரம் பாருங்கள்.

காற்று சீட்டை யார் கேலி செய்தாலும் விடாதீர்கள். நொடிக்கு 4 முதல் 8 தடவை வரும் அதிர்வுதான் உட்கார்ந்திருப்பவர் முதுகெலும்பை அதிகம் உலுக்கும். பழைய வண்டிகள் அந்த அடியை நேராக இடுப்பில் இறக்கின.

ஏசி விஷயத்தில் அப்பா சொல்வதில் பாதி நிஜம். உள்காற்றையே சுற்றவிட்டால் இரண்டு பேர் விட்ட மூச்சு உள்ளேயே சேர்ந்து தலை கனக்கும். வெளிக்காற்று வரும்படி திருப்பி வையுங்கள், அவ்வப்போது கண்ணாடியை இறக்குங்கள். ஆனால் வெயிலில் வெந்துபோனவன் அதைவிடச் சீக்கிரம் சோர்ந்துவிடுவான்.

எனக்குக் கவலை முதலாளி பேச்சில்தான். பழைய வண்டியில் ஓய்வு தானாக வந்தது. 2005-இல் சால்வீன் ஆற்றுப் பாலம் திறக்கும் வரை, மோல்மீனுக்கு எதிர்க்கரை மொட்டமாவில் படகுக்குக் காத்துக் கிடக்க வேண்டும். அந்த நேரத்தில் லாரிக்கு அடியில் பாய் விரித்துத் தூங்கினார்கள். ரேடியேட்டர் கொதித்தால் நிறுத்தி டீ குடித்தார்கள். இப்போது படகும் இல்லை, கொதிப்பும் இல்லை. வண்டி கொடுத்த அந்த ஓய்வை இனி நீங்களேதான் எடுக்க வேண்டும், தம்பி. மிச்சமாகும் தெம்பை இன்னொரு நடைக்கு விற்றுவிடாதீர்கள். தூங்கி எழுந்து 17 மணி நேரம் ஆன பிறகும் ஓட்டுபவன், குடித்துவிட்டு ஓட்டுபவனுக்குச் சமம். ஐரோப்பாவில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிஷம் நிறுத்தியே ஆக வேண்டும் என்பது சட்டம். அந்தக் கணக்கை முதலாளியிடம் சொல்லுங்கள். இறக்கிய இடத்தில் ஒரு ராத்திரி முழுத் தூக்கம் இல்லாமல் திரும்ப மாட்டேன் என்பதையும் கிளம்பும் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

இன்னொன்று, படுக்கை. எஞ்சினை ஓடவிட்டு ஏசியில் தூங்காதீர்கள், புகை உள்ளே வந்தால் எழுந்திருக்க மாட்டீர்கள். ஓடும்போது ஸ்பேரையும், அதாவது கூட வரும் உதவி ஆளையும், அதில் படுக்கவிடாதீர்கள். 1970-இலிருந்து நம் நாட்டில் வண்டிகள் ரோட்டின் வலப்பக்கம்தான் ஓடுகின்றன. ஜப்பான் லாரியில் ஸ்டியரிங்கும் வலப்பக்கம். முந்தும்போது எதிரே வருவது தெரிய இடப்பக்க ஆளின் கண் வேண்டும்.

அடுத்த நடைக்கு அந்த இடப்பக்க சீட்டில் அப்பாவையே கூட்டிப் போங்கள். ஏசி போடுங்கள், சீட்டை அவருக்கு வசதியாகச் சாய்த்துக் கொடுங்கள். எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அவரே சொல்லட்டும்.