இத்தாலியின் மிலான் நகரக் கால்பந்து அணிகளான ஏசி மிலான், இன்டர் இரண்டுக்கும் சான் சிரோ என்ற ஒரே மைதானம் என்றால், ஐரோப்பிய கிளப்களின் சாம்பியன்ஸ் லீக்கில் மோதும்போது சொந்த மண் யாருக்கு?

அட்டவணையில் முதலில் பெயர் வரும் அணிக்குத்தான். 1947 முதல் இன்டரும் சான் சிரோவிலேயே ஆடுகிறது. ஆனால் ஆட்டத்தை நடத்தும் அணியின் சீசன் டிக்கெட்காரர்களுக்கே பெரும்பாலான இருக்கைகள் போகும். அதனால் ஒரே மைதானம் ஒரு வாரம் மிலானின் சிவப்பு கறுப்பாகவும், அடுத்த வாரம் இன்டரின் நீலம் கறுப்பாகவும் இருக்கும்.

2003 அரையிறுதியில் இதற்கு ஒரு விசித்திர விளைவு. முதல் ஆட்டம் 0-0, இரண்டாவது 1-1. இரண்டுமே அதே புல்தரையில்தான். இரண்டு ஆட்டமும் சேர்த்து சமநிலை என்றால், எதிரணி நடத்தும் ஆட்டத்தில் அதிக கோல் அடித்த அணி முன்னேறும் என்பது அப்போதைய விதி. இரண்டாவது ஆட்டத்தை நடத்தியது இன்டர் என்பதால், அதில் மிலான் வீரர் ஷெவ்சென்கோ அடித்தது 'வெளியூர் கோல்' என்று கணக்காகி மிலான் இறுதிக்குப் போனது. இன்டர் ரசிகர்களுக்கு எப்படி வலித்திருக்கும்! 2021-இல் அந்த விதியையே எடுத்துவிட்டார்கள், நல்ல முடிவு.

2005-இல் இதே இரு அணிகள் மோதிய காலிறுதியில் இன்டர் ரசிகர்கள் எறிந்த எரியும் ஃப்ளேர் மிலான் கோல்கீப்பர் டீடா மேல் விழுந்து ஆட்டமே கைவிடப்பட்டது. எனவே நேரில் போகிறீர்கள் என்றால் இடத்தைப் பார்த்து வாங்குங்கள். தெற்குக் கோல் பக்கம் மிலானின் தீவிர ரசிகர்கள், வடக்கில் இன்டரின் ஆட்கள். முதல்முறை போகிறவருக்குப் பக்கவாட்டு இருக்கைதான் சரி. இரு முனைகளிலும் விரியும் ராட்சதப் பதாகைகளை அங்கிருந்துதான் முழுசாகப் பார்க்க முடியும். டிக்கெட்டில் உங்கள் பெயர் இருக்கும், வாசலில் சரிபார்ப்பார்கள். பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். ஆட்டம் முடிந்ததும் பக்கத்து மெட்ரோவில் நெரிசல் தாங்காது, லோட்டோ நிலையம் வரை நடந்துவிடலாம்.